அக்காவின் சோப்புப் பங்குகள்

என் பர்சில் ஒரு பழைய சோப்புக் காகிதம் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது, கம்பெனியின் இங்கிலீஷ் பெயர் மட்டும் இன்னும் தெரிகிறது. அக்கா கொடுத்தது.

இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து, யுத்த காலத்தில் பம்பாய் மாதுங்காவில் எங்கள் இரண்டு அறை ஜாகைக்கு வந்தவள் அக்கா. என் சம்பளச் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தனக்கென்று ஓர் அறை வேண்டும், அதற்கு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று, நகைகளை விற்று ஒரு சோப்புக் கம்பெனியின் பங்குகளை வாங்கினாள். கட்டடமே சிரித்தது. அவளோ, பொதுக்குழாயடியில் பெண்கள் எந்தச் சோப்பைத் தேய்க்கிறார்கள் என்று பார்ப்பாள். மளிகைக் கடையில் எது சீக்கிரம் தீர்கிறது என்று விசாரிப்பாள். "யுத்தம் முடிஞ்சாலும் அழுக்கு முடியாதுடா" என்பாள்.

அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கோட்டையில் என் ஆபீசுக்கு வரும் பேப்பரில் விலையைப் பார்த்து, சாயங்காலம் நான் சொல்ல, காலண்டரில் சிவப்புப் பென்சிலால் எழுதிக்கொள்வாள். யுத்தம் முடிந்த வருஷம் விலை மளமளவென்று சரிந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று வாரம் பழைய விலையையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னேன். மறுபடி ஏறியதும், அப்பாடா என்று உண்மைக்குத் திரும்பினேன்.

பிறகு ஒருநாள், கடையில் கொத்தமல்லி விதை கட்டிக்கொடுத்த பழைய பேப்பரைப் பிரித்தவள் அதில் வரிசை வரிசையாக எண்களைக் கண்டாள். சோப்புக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் வீடு திரும்பியபோது, பேப்பரும் காலண்டரும் தரையில் அருகருகே கிடந்தன; இரண்டிலும் அந்த மூன்று வாரத்தின் ஒரே தேதி, விலை மட்டும் வேறு.

"பயந்துடுவேன்னு நெனச்சியா? மிச்சம் ரெண்டு வளையலை எதுக்கு வெச்சிண்டிருக்கேன்? எறங்கறச்சே வாங்கத்தாண்டா!"

அவள் அழவில்லை. சோப்புக் காகிதத்தை என் சட்டைப் பையில் திணித்தாள். "இந்தப் பேருக்கு நேரே என்ன போட்டிருக்கோ, அதை மட்டும் சொல்லு."

செம்பூரில் அந்த அறை கிடைத்தது, நாலு வருஷம் கழித்து. அந்தச் சரிவில் அவள் வாங்கியிருந்தால், அதில் பாதி நாளிலேயே கிடைத்திருக்கும். அதுவரை என் வீட்டில்தான் சாப்பிட்டாள், ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல். அதுதான் எனக்கு வலித்தது.

இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூருக்குப் போய் நான்தான் விலையைப் படிக்கிறேன். போன வாரம் காகிதத்தை விரித்து, பேப்பரில் அந்தப் பெயருக்கு நேரே விரலை வைத்தேன். விலை நன்றாகவே சரிந்திருந்தது. ஒரு நொடி தயங்கினேன்.

"எவ்வளவு எறங்கித்து, அதைச் சொல்லு" என்றாள், இடுப்பிலிருந்து பணப்பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டே.