நட்டை இறுக்கியது யார்

பிள்ளைகளே, கடத்தூர் மாமா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதி வைக்கிறேன்.

எனக்கும் அவனுக்கும் ஒரே ஸ்டார்ச் ஆலையில் வேலை. மாவு உலர்த்தும் இயந்திரத்துக்குப் போகும் நீராவியைத் திரையில் கண்காணிப்பது என் பொறுப்பு. சூடு குறைந்தால் கம்ப்யூட்டர் தானாக வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். அந்த வால்வுகளைப் பழுது பார்ப்பவன் அவன். தினமும் என் வண்டியில்தான் வருவான்.

ஒரு நாள் மாவு வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. வால்வின் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் லேசாக ஆவி கசிந்தது. அவன் ஸ்பேனரைப் போட்டு அங்கிருந்த நட்டை இறுக்கினான். டார்ச் பிடித்தது நான்.

"போதும்டா, தண்டு புடிச்சுக்கப் போவுது."

"வர்றவங்க கண்ணுல ஆவி படக்கூடாது மாப்ள. இன்னும் ஒரு சுத்து."

அவர்கள் போனதும் தளர்த்திவிட்டதாகச் சொன்னான். நம்பினேன்.

அடுத்த வாரத்திலிருந்து சூடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு மூட்டை ஈரம், ஒரு மூட்டை பழுப்பு. மேனேஜர் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் செட்டிங்கை நீங்க மாத்திட்டீங்களாமே. நாளையிலிருந்து மூட்டை தைக்கிற பக்கம் போயிடுங்க."

"யாரு சார் சொன்னது?"

"உங்க கூட்டாளிதான்."

அன்று காலையில்கூட என் டப்பாவிலிருந்து இட்லி எடுத்துத் தின்றவன்.

"போறேன் சார். ஒரு தடவை வால்வை வந்து பாருங்க" என்றேன்.

தண்டில் மார்க்கரால் கோடு போட்டேன். அவனைத் திரை முன்னால் உட்கார வைத்து, கம்ப்யூட்டர் தானாக இயக்குவதை நிறுத்தி, வால்வின் திறப்பை அரை அரை சதவீதமாக ஏற்றச் சொல்லிவிட்டு மேனேஜர் என்னோடு வால்வருகே நின்றார். ஏற்ற ஏற்ற போன் ஸ்பீக்கரில் அவன் எண்ணினான். ஒன்று. கோடு அசையவில்லை. மூன்று. அசையவில்லை. ஆறு என்றதும் தண்டு டக்கென்று குதித்தது. மழையில் ஊறிய மேஜை இழுப்பறை இப்படித்தான். மெதுவாக இழுத்தால் வராது, பலமாக இழுத்தால் மொத்தமாக வந்து காலில் விழும். வால்வும் அப்படித் தாவியதால்தான் சூடு அலைந்தது.

"நட்டை இந்த அளவுக்கு இறுக்கினது யாரு?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.

அவன் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான்: "திரை பாக்கிற ஆபரேட்டருங்கதான் சார். ஒழுகினா அவங்களே ஸ்பேனரைப் போட்டுடறாங்க."

அவன் இறுக்கியதையும் நான் டார்ச் பிடித்ததையும் சொன்னேன். மேனேஜர் யாரை நம்பினாரோ தெரியாது. நட்டைத் தளர்த்தியதும் சூடு நிலைக்கு வந்தது. என்னைப் பழைய நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அவன் வழக்கம்போல என் வண்டி அருகே நின்றான்.

"எனக்கும் புள்ளைங்க இருக்குதுடா மாப்ள."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருமா போயி ஒத்துக்கிட்டிருப்பமே."

ஏறிக்கொள் என்று நான் சொல்லவில்லை. இப்போது அவன் ஆலைக்குப் பஸ்ஸில்தான் வருகிறான்.