சொல் தட்டாத அண்ணி

என் அண்ணன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். அதைவிட உசத்தியாக இன்னொன்றைக் காட்டுவார். கடையில் கடைசியாக ஏதாவது ஒன்றைக் கட்டியாவது கொடுப்பார். வீட்டில் அதுவும் கிடையாது.

அண்ணி ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஊசி போடுவதை எட்டி எட்டிப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போக இரண்டு வழி: நாலு வருஷ நர்சிங் டிகிரி, இல்லையென்றால் ஒரு வருஷ மருத்துவ உதவியாளர் சர்டிபிகேட்.

டிகிரி என்றாள். "பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க, நீ நாலு வருஷம் காலேஜுக்குப் போவியா? சர்டிபிகேட்டே போதுமே" என்றார் அண்ணன். அதுவும் நியாயம்தான் என்று யோசித்து, சில மாதம் கழித்து சர்டிபிகேட் என்றாள்.

"அதை வெச்சு நாக்கு வழிக்கவா? படிச்சா டிகிரி படிக்கணும்."

இப்படியே போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியவன் பள்ளியை முடித்துவிட்டான். "எனக்குத்தான் ஒரு முடிவெடுக்கத் துப்பில்ல" என்று அண்ணி தன்னையே நொந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் என்றால் அண்ணனுக்குப் பரிந்து பேச வேண்டுமாம். நான் அந்த ரகம் இல்லை.

"முடிவெல்லாம் அவரு எப்பவோ எடுத்துட்டாரு அண்ணி" என்றேன் ஒருநாள். கழுவிக்கொண்டிருந்த தட்டோடு அப்படியே நின்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது, என் முன்னால் ஆரம்பித்தாள். "ஏங்க, சர்டிபிகேட்டே சேந்துடலாம்னு பாக்குறேன்."

"எத்தனை தடவை சொல்றது? படிச்சா டிகிரிதான்."

"நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதான் நேத்தே டிகிரிக்குச் சேந்துட்டேன். நாளைக்கு கிளாஸ்."

அண்ணனுக்குப் புரையேறியது. சொன்னதை மாற்றலாம் என்றால் சாட்சி எதிரே உட்கார்ந்திருக்கிறது. சாட்சியே தண்ணீரும் எடுத்துக் கொடுத்தது.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அவ சர்டிபிகேட் போதும்னா. நான்தான் விடல" என்கிறார். "அவர் சொல்லலைன்னா எனக்கு எங்க தோணியிருக்கும்?" என்று அண்ணியும் ஒத்துப் பாடுகிறாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

வகுப்பில் மற்ற பெண்கள் அவளை "அம்மா" என்று கூப்பிடுகிறார்களாம். அவர்களுக்கு எங்கள் பெரியவன் வயது. அதைச் சொல்லும்போது மட்டும் அவளும் சிரிப்பதில்லை, நானும் சிரிப்பதில்லை.