பன்னிரண்டு பேரில் கொளஞ்சி

கொளஞ்சிக்கு நாற்பத்து நான்கு வயது. ஊர் கிள்ளை. பிச்சாவரத்தில் இருபது வருடமாகப் படகு ஓட்டுபவர். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை மூன்று வருடம் புரட்டிப் படுக்க வைத்து, ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்டார். அந்தத் தெம்பில்தான், சிதம்பரத்தில் நான் நடத்தும் நோயாளிப் பராமரிப்பு வகுப்பில் சேர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் கொளஞ்சி என்று ஆணுக்கும் பெயர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். விண்ணப்பத்தில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாரும் பெண்கள் என்று நினைத்து, பன்னிரண்டு ரோஸ் நிறக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் மீசையோடு வந்து நின்றார். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கை நீளம் போதவில்லை என்பது மட்டும்தான் அவர் சொன்ன குறை.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து பெண்களையே வேலை வாங்கிப் பழகிய வாய் எனக்கு. "பொண்ணுங்களா" என்றுதான் வகுப்பை ஆரம்பிப்பேன். வாட்ஸ்அப் குரல் பதிவும் அப்படித்தான். கொளஞ்சியும் மற்றவர்களோடு எழுந்து வருவார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் நடக்கவிருந்த முதல் கட்டத் தேர்வைத் திடீரென்று முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். கடலூரில், சனிக்கிழமை. அதில் தேறினால்தான் ஒருவரை வீட்டு வேலைக்கு அனுப்பலாம். கொளஞ்சிக்கு வேலை தயாராகவே இருந்தது. அந்தோணிசாமி என்ற பெரியவர், ஆறடி உயரம். தூக்கி உட்கார வைக்க ஆண் ஆள் வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை போகாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை கடலூரில் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க கொளஞ்சி?"

"போட்டுல மேடம். இன்னைக்கு சவாரி ஜாஸ்தி."

"பரிச்சை இங்க! மெசேஜ் கேக்கலியா?"

"கேட்டனே. 'பொண்ணுங்களா, சனிக்கிழம பத்து மணிக்கு கோட்டோட கடலூர் வந்துருங்க'ன்னீங்க. போன வாரம் 'பொண்ணுங்களா, நாளைக்கு குளிப்பாட்டுற வகுப்பு'ன்னீங்க. வந்தேன். பொம்பளைங்களுக்கு மட்டுந்தான்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அதுக்கு முந்தி 'பொண்ணுங்களா, தடுப்பூசி போட வாங்க'ன்னீங்க. வரல. ஏன் வரலன்னு ஏசுனீங்க. எந்தப் பொண்ணுங்கள்ல நானும் சேத்தின்னு எனக்கு எப்புடித் தெரியும் மேடம்?"

"உடனே கிளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

தேர்வு நடத்த வந்திருந்த சந்திரலேகாவிடம் தவறு என்னுடையது என்றேன். "மூணு மணிக்குள்ள வந்தா சரி. அப்புறம் நான் கிளம்பிடுவேன்" என்றார்.

இரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தார் கொளஞ்சி. பேன்ட்டில் உப்புத் தண்ணீர்க் கறை, மேலே ரோஸ் கோட்டு. அதே நேரம் சந்திரலேகா கதவைத் திறந்து, "லாஸ்ட் பேட்ச் லேடீஸ், உள்ள வாங்க" என்றார். மூன்று பெண்கள் எழுந்து போனார்கள். கொளஞ்சி பெஞ்சிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், கூடப் படிக்கும் மாலதி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"அண்ணே, நீயுந்தான் லேடீஸ்! எழுந்து வாண்ணே!"

மாலதிதான் கட்டிலில் நோயாளியாகப் படுத்தாள். "தங்கச்சி, இடது பக்கமா திருப்பப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொளஞ்சி தொட்டார். சந்திரலேகா வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நானே கேட்டேன், இனி எப்படிக் கூப்பிடுவது என்று. "பிள்ளைங்களா" வேண்டாம், தனக்குப் பேரன் இருக்கிறான் என்றாள் வகுப்பில் மூத்தவளான ஞானாம்பாள். "தோழர்களே" என்றேன். "ஊர்வலமா போறோம்?" என்று மாலதி சிரித்தாள். கொளஞ்சி முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஆளை எண்ணிச் சொல்லிருங்க மேடம். பன்னெண்டு பேருன்னா நானும் உள்ள. அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமையே, "பன்னிரண்டு பேரும் கேளுங்க" என்று பதிவு போட்டேன். பன்னிரண்டு பேரும் பதில் போட்டார்கள். திங்கட்கிழமை கொளஞ்சி அந்தோணிசாமி வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் மறுபடியும் பெண்களுக்கு மட்டுமான குளிப்பாட்டும் வகுப்பு. "பதினோரு பேர் வாங்க" என்றேன். எட்டுப் பேர்தான் வந்தார்கள். விடுபட்ட ஆள் தான்தான் என்று நினைத்து மூன்று பெண்கள் தனித்தனியாக வீட்டில் இருந்துவிட்டார்கள். கொளஞ்சி மட்டும் அந்தோணிசாமி வீட்டிலிருந்து போன் செய்தார்.

"மேடம், இந்தப் பதினொண்ணுல நான் உள்ளயா, வெளியயா?"