துணியில்லாமல் ஓடிய மெஷின்

எங்கள் பனியன் கம்பெனியில் கொஞ்ச நாளாகத் தேநீருக்குப் பிறகு தோள்பயிற்சி, மூச்சுப்பயிற்சி.

இன்று எல்லோரும் கண்மூடி அமர்ந்திருந்தபோது, 'டர்ர்' என்று ஒரு தையல் மெஷின் ஓடியது.

"ஏனுங்க்கா, துணியே இல்லாம எதைத் தைக்கறீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"கால் தானா மிதிச்சிட்டு, தம்பி," என்றார் செல்வி அக்கா.

ஒரே சிரிப்பு.

தோள்வலி தீராவிட்டால் வேலையை விட்டுச் சாத்தூருக்கே திரும்பிவிடுவதாக இருந்தவர் அவர். தலைவாரிவிடக்கூட மகள்தான்.

மறுபடி கண்மூடினோம். இம்முறை கால் மிதிக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும், அவிழ்ந்த கொண்டையை இரு கைகளாலும் தூக்கி அவரே முடிந்தார்.

"ஏட்டி, கை ஏறுது பாரு!"

"அப்போ ஊருக்குப் போகலியாக்கா?" என்றேன்.

"போவேன். பொங்கலுக்கு."

கண்மூடியிருந்தபோது நான் மூச்சைக் கவனிக்கவில்லை, இந்தப் பதிவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களில் யாருக்காவது நிஜமாகவே மனம் நிற்கிறதா?