சாமி படுத்திருந்த நேரம்

மயிலாப்பூரில் துறவிகள் நடத்திய அந்த மடத்துக் கோயிலில் சாமிக்கு மத்தியானத் தூக்கம் உண்டு. நைவேத்தியம் காட்டி, படுக்கை விரித்துக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்க சாமி என்ன தாசில்தாரா என்று நான் கேலி செய்வேன். வாசல் காவல்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். முருங்கைக்காய் போன்ற உடம்பு. அதன்மேல் தொளதொளவென்று காக்கிச் சட்டை. தரையில் பட்டால் சத்தம் வரும் என்று கைத்தடியின் நுனியில் துணி சுற்றியிருப்பார். காக்கையைக்கூட வாய் திறக்காமல் துண்டை வீசித்தான் விரட்டுவார்.

யுத்த காலம். ராமநவமியன்று பூசை நீண்டுபோய் அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தார்கள். திடீரென்று அபாயச் சங்கு ஊதியது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று மதிலோரம் குப்புற விழுந்து, "ராமா! ராமா!" என்று அலறினேன்.

முதுகில் தடி இடித்தது. காவல்காரர்தான்.

"இன்னா நைனா, இப்டி கூவிக்கினு கீறே? சாமி இப்பத்தான் படுத்துது."

"பெரியவரே, குண்டு போடப்போறான்!"

"போட்டா போடட்டும். நாலு மணிக்கு மேல கூப்புடு, கேக்கும்."

சொல்லிவிட்டு, சங்கு ஊதிய திசையைப் பார்த்துத் துண்டை வீசினார். சற்றைக்கெல்லாம் சங்கு நின்றுவிட்டது. வெறும் ஒத்திகை என்று பிறகு சொன்னார்கள்.

அது பக்தியா, உத்தியோகக் கறாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் மத்தியானத்தில் எந்தக் கஷ்டம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மணி வரை காத்திருக்கிறேன்.