ரெண்டு பொம்பளைங்க ஆபீசு

சுனந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். தளத்துக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம், பாதி ஆகியிருந்தது. கலவை மெஷின் இரைச்சலில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஏழுமலை மேஸ்திரிதான், "அம்மா, உங்க போனு ரொம்ப நேரமா அடிச்சிக்கினு இருக்குது" என்று பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பேசியவன் அவளுடைய அக்கா மகன் ஸ்ரீபால். "தனம்மா, சித்தி போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம், வழியிலயே உயிர் போயிடுச்சாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம். ஜல்தி வாங்க" என்றான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. இறுகிப்போன கான்கிரீட்டோடு புதியது சரியாகச் சேராது, சேராத இடத்தில் காலத்துக்கும் ஒழுகும். "நீங்க கெளம்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று மேஸ்திரி கெஞ்சினார். நான் நகரவில்லை. சித்தாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னா நெஞ்சழுத்தம் பாரு இந்தம்மாவுக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும். அது சுனந்தா கடைசியாக வரைந்த வீடு. அதில் ஒரு சொட்டு ஒழுக விடுவேனா நான்? கடைசிச் சட்டி கலவையும் விழுந்து, சமன்படுத்தி முடித்த பிறகுதான் இறங்கினேன். சேலையெல்லாம் சிமெண்டாகத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. எனக்காகத்தான் காத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்து அழுதேன். உடனே எடுத்துவிட்டார்கள்.

இந்த நினைவு மலரைக் கொண்டுவரும் நண்பர்கள், "மேடத்தை 'அவர்'ன்னு எழுதுங்கம்மா, மரியாதையா இருக்கும்" என்றார்கள். எழுத மாட்டேன். அவளும் நானும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். எனக்கு அவள் அவள்தான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போது கல்யாண மண்டபக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். பெயர் வேண்டாம், ஊருக்கே தெரியும். "அந்தம்மா நல்லவங்கதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா வீம்பு ஜாஸ்தி. உங்களுக்கு இன்னாத்துக்கும்மா அந்தப் பேஜாரு? மண்டபத்து மேல ஒரு மாடி எடுக்கப் போறேன். புது ஆபீசரு, முதல்ல வரைஞ்சவங்க கையெழுத்து இல்லாம முடியாதுன்னு நிக்கிறாரு. அவங்க இல்லாட்டி நீங்க போட்டா செல்லுமாம். போட்டுடுங்க. பைபாஸ்ல நான் கட்டப் போற லாட்ஜு, காலேஜு எல்லாம் உங்க ஆபீசுக்குத்தான்" என்றார்.

அடிப்பாவி, உன் சிதைக்கு இன்னும் தீகூட வைக்கவில்லையேடி என்று மனசுக்குள் அவளிடம்தான் கத்தினேன். வெளியே, "காரியம் முடியட்டுங்க, ஆபீசுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது சின்ன விஷயம் இல்லை. கட்டடங்களை வரைந்தவள் சுனந்தா. அவை நிற்பதற்குக் கணக்குப் போடுகிறவள் நான். அவள் இல்லாத ஆபீசுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எங்களை நம்பி நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கையெழுத்துப் போட்டால் ஆபீஸ் பிழைக்கும். போடாவிட்டால் பூட்ட வேண்டியதுதான் என்று ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

நாங்கள் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவள் செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண், நான் கண்டாச்சிபுரத்துக்காரி. "நம்ம ஊர்க்காரங்க வீட்டை நம்ம ஊர்ல உக்காந்து வரைஞ்சா ஆகாதா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ் திறந்தோம். பலகையில் எங்கள் இருவர் பெயரும் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு அரிசி வியாபாரி. எங்களைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், "சார் இல்லீங்களா?" என்றார். சுனந்தா எழுந்திருக்காமலே, "சார் இல்லீங்க. வரவும் மாட்டாரு. உக்காருங்க" என்றாள். அவர் போய் ஊரெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் 'ரெண்டு பொம்பளைங்க ஆபீசு' ஆனோம். ஆட்டோக்காரர்களிடம் பலகையில் இருக்கும் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். இதைச் சொன்னால் நேரே கொண்டுவந்து விடுவார்கள்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய மழை பிடித்தால் கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். நாங்கள் கட்டிய வீடுகளைப் பார்ப்பதற்கு. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று மழையில் நின்று பார்க்க வேண்டும். "வெயில் காலத்துல எல்லா வீடும் நல்ல வீடுதான் தனம்" என்பாள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில், ஜன்னல் வழியாகச் சாரல் கட்டில் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் அது மழையின் குணம் என்று நினைத்துக் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தார். சுனந்தா சொட்டச் சொட்ட உள்ளே போய், "சார், சன்ஷேடு நீளம் பத்தல. இது என் தப்பு. நீங்க கட்டிலைப் பழைய இடத்துலயே போடுங்க, நான் வந்து சரி பண்றேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "நாமளே போயி நம்ம தப்பைச் சொன்னா எவன்டி நம்மகிட்ட வருவான்?" என்றேன். அடுத்த மாதம் அந்த வாத்தியார் தன் இரண்டு சம்பந்திகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் வீடு கட்ட வேண்டுமாம். சுனந்தா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மாமாவுக்குக் கட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். வயலிலிருந்து வந்து கைகால் கழுவி உட்காருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது என்பது மாமாவின் நெடுநாள் குறை. அதனால் சுனந்தா சாப்பிடும் அறையை மேற்குப் பக்கம் வைத்து, பெரிய ஜன்னல் போட்டாள். சித்திரையில் கிரகப்பிரவேசம். அந்தி வெளிச்சம் தட்டில் விழ, எல்லாரும் நிதானமாகச் சாப்பிட்டோம். ஆஹா ஓஹோ என்று பாராட்டு வேறு. மார்கழி வந்தது. சூரியன் தெற்கே தள்ளிப் போய்ப் பாறைக் குன்றுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்தது. அந்தக் குன்றின் அடியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள், அது அவளுக்குத் தோன்றவில்லை! மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். சுனந்தா போய்ப் பார்த்துவிட்டு, தெற்கு வானத்து வெளிச்சமாவது வரட்டும் என்று தென்மேற்கு மூலையில் இன்னொரு ஜன்னலை உடைக்கச் சொன்னாள். வாஸ்து பார்ப்பவர், "கன்னி மூலையில ஜன்னலா? குடும்பம் வெளங்காது!" என்று குதித்தார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கன்னி மூலையோ கெழவி மூலையோ, இருட்டறதுக்குள்ள எனக்கு சோறு எறங்கணும். ஒடைங்க" என்றார். குடும்பம் நன்றாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறது.

இரும்பை என்ற ஊர் வரைக்கும் காரில் வந்து அங்கே இருக்கும் செங்கல் வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு போகும் பத்திரிகைக்காரர்கள் எங்கள் கட்டடங்கள் பக்கம் திரும்பியதில்லை. திரும்பாவிட்டால் போகட்டும். கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை உடைக்கும் பெண்களுக்கு நாங்கள் போட்ட கொட்டகையில் மத்தியான வெயில் உள்ளே வராது, பக்கத்திலேயே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறது. திறப்புவிழாவில் ஒரு பெண் சுனந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே காலைலேர்ந்து தண்ணி குடிக்காம கெடக்க வேணாம் தாயீ" என்றாள். எங்கள் விருது அதுதான். சுவரில் மாட்ட முடியாது.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். கீழே கல்யாண மேடை, மாடியில் பந்தி, பந்திக்குப் பின்னால் சமையல். முன்னால் ஒரு மாடிப்படி, பின்னால் ஒரு மாடிப்படி என்று சுனந்தா வரைந்தாள். அதுவரை நாங்கள் எடுத்ததிலேயே பெரிய வேலை. பூச்சு முடிந்து பார்க்கப் போனால் பின்பக்கப் படியைக் காணோம். அந்த இடத்தில் சுவர் வைத்து அடைத்து, ஏசி போட்டு, மெத்தை போட்டு வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை ரூமும்மா. ஏசி ரூமு இல்லாட்டி எவன் புக் பண்ணுவான்? படி ஒண்ணு போதும், எல்லாரும் அதுலயே ஏறி எறங்கட்டும்" என்றார் மண்டபக்காரர்.

"பின்னால அடுப்பு எரியுதுங்க. ஏதாவது ஒண்ணுன்னா பந்தியில இருக்கிறவங்க எந்த வழியா எறங்குவாங்க? மாப்பிள்ளைக்கு ஏசி வேணும், சாப்பிட வந்தவனுக்கு உயிர் வேணாமா?" என்றாள் சுனந்தா.

"அபசகுனமாப் பேசாதீங்க. நிறைவுச் சான்றுல கையெழுத்துப் போடுங்க."

"படியைத் திறங்க, போடறேன்."

அவர் திறக்கவில்லை, இவளும் போடவில்லை. வேறு யாரோ போட்டுக் கொடுத்தார்கள், மண்டபம் ஜேஜே என்று நடந்தது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மண்டபக்காரருக்குத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெரியாத ஆள் கிடையாது. மாட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை, சுற்றுச்சுவர் என்று எது வந்தாலும் வரைந்தோம். சுற்றுச்சுவருக்கும் மழையில் போய்ப் பார்த்தாள், அந்தப் பைத்தியக்காரி.

கல்யாணத்துக்குப் போகும் இடத்திலெல்லாம் எங்களைச் சீண்டுவார்கள். ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "இன்னாம்மா, தீப்பிடிக்கும் தீப்பிடிக்கும்னு குதிச்சீங்க? இத்தனை வருசத்துல ஒண்ணும் ஆவலையே!" சுனந்தா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு தெனம் வேண்டிக்கினுதாங்க இருக்கேன். அதுக்காவ கையெழுத்துப் போட முடியுமா?"

நல்லவேளை, இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அவள் சொன்னது சரி என்று காட்ட எந்த விபத்தும் வர வேண்டாம். அது இல்லாமலே அவள் சொன்னது சரிதான்.

இந்த மலரில் பலரும் அவளை அஞ்சாநெஞ்சம் கொண்டவள் என்று எழுதுவீர்கள். பொய். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த அன்று ஆபீஸ் பாத்ரூமில் வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துப்போய் வந்து உட்கார்ந்து, "தனம், தப்பு பண்ணிட்டேனாடி? நாலு குடும்பம் நம்மள நம்பிக்கினு இருக்குதே" என்றாள். "ஒரு தப்பும் இல்ல. பொலம்பாம சாப்பிடு, பொழுது போவுது" என்று டிபனைத் திறந்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். மண்டபக்காரர் போன் செய்யும்போதெல்லாம் எடுப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். போனை எடுத்ததும் குரலில் ஒன்றும் தெரியாது. அவள் வீம்பு பிடித்தவள் என்று சொன்னவர்கள் எல்லாம் அந்தக் குரலை மட்டும் கேட்டவர்கள்.

போன வாரம் மண்டபக்காரர் ஆபீசுக்கு வந்தார். நேராகப் போய் அவள் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். வேறு நாற்காலியைக் காட்டினேன்.

"இன்னாம்மா முடிவு பண்ணீங்க?"

"மாப்பிள்ளை ரூமை இடிச்சிட்டுப் பின்னால படியைக் கட்டுங்க. நானே வந்து நின்னு கட்டித் தரேன். கட்டி முடிச்ச அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். அப்புறம் மாடியைப் பத்திப் பேசலாம்."

"ஆளே போயிட்டாங்க, இன்னும் அதே பாட்டா?"

"அவ போயிட்டா பந்தியில தீப்பிடிக்காதுங்களா?"

எழுந்துவிட்டார். "இனிமே இந்த ஜில்லாவுல உங்களுக்கு ஒரு வேலை கெடைக்காது, பாத்துக்குங்க."

"எங்க அப்பா வெச்சிட்டுப் போன நெலம் இருக்குதுங்க. மல்லாட்டை போட்டு வித்துப் பொழைச்சுக்குவேன். கையெழுத்த விக்க மாட்டேன். போய்ட்டு வாங்க."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் நின்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆபீசில் இருந்த நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுனந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். இவ்வளவு பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு 'முடியாது' என்று சொல்லலாம் என்று அவள் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள், எனக்கு அது போதும். பலகையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்க மாட்டேன். ஆபீசும் திறந்துதான் இருக்கிறது. பின்பக்கம் ஒரு படி வைக்கச் சம்மதிக்கிறவர்கள் வாருங்கள்.