மைக்ராஸ்கோப்புக்குள் என்ன தெரியும்?

மைக்ராஸ்கோப் ரிப்பேர்காரன் ஒரு கல்லூரிக்குள் நுழைகிறான் என்றால் அங்கே பரீட்சை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஆண்டு முழுக்க அலமாரியில் கிடந்த கருவி, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்தான் எல்லார் கண்ணிலும் படும். உடனே போத்தனூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போன் வரும். கடிகாரம், ரேடியோ என்று அடுத்தவர் கருவியைத் திறந்து பிழைக்கிறவர்களுக்கு இந்த அவசரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கெட்டுப்போன ஒன்றை வாங்கிப் பிரித்தேன், திரும்பப் பூட்டினேன், மீந்துபோன திருகாணிகளைப் பார்த்துப் பயந்து மறுபடியும் பிரித்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. துடைக்கிற துணி என் மனைவி சரோஜாவின் பழைய நூல் சேலை. துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன துணி. லென்ஸில் கீறல் விழாது. துடைத்து முடித்ததும், செய்தித்தாளில் வெட்டிய ஓர் 'அ' எழுத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பேன். 'அ' தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது.

நந்தினி வரைந்த படம்

கோவையில் ஒரு கல்லூரியின் பயோமெடிக்கல் சயின்ஸ் துறை, நோய்களை லேபில் ஆராயும் படிப்பு. முதலாண்டு மாணவி நந்தினி என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, இந்த மைக்ராஸ்கோப்புல கருப்புக் கருப்பா கோடு தெரியுதுங்க" என்றாள். ஈரோட்டுப் பெண். டாக்டர் சீட் கிடைக்காமல் இதில் சேர்ந்தவள். ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிப் போய்விடுவதாக அப்பா சொல்லியிருந்தாராம். அந்தப் பயத்தில் அவள் தெரிந்ததை எல்லாம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடுகளையும் விடவில்லை.

நான் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. மறுபடி அவள் பார்த்தாள், கோடுகள் இருந்தன. கடைசியில் அவர்கள் மேடம் வந்து, நந்தினி குனிகிற விதத்தைப் பார்த்தார், நோட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா உன்ற கண்ணிமை முடியைப் பரீட்சைல கேக்க மாட்டாங்க."

வால்பாறையில் பாதி டாக்டர்

மழை முடிந்ததும் வால்பாறைக்குப் போவேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மடியில் இருக்கும் கருவிப் பெட்டியைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்துக்கொள்வேன். அங்கே ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். எஸ்டேட் ஆஸ்பத்திரி லேபில் இருந்த தம்பி, நந்தினியின் கல்லூரியில் முன்பு படித்துப் போனவர். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் பிறந்து, படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர்.

நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வந்து அவரிடம் நாக்கை நீட்டினார். "ஐயா, நாக்கை டாக்டருகிட்ட காட்டுங்க. எனக்குக் கையை நீட்டினாப் போதும்" என்று தம்பி பக்கத்து அறையைக் காட்டினார். "உங்கள இங்க டாக்டருன்னே நினைக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"பாதி டாக்டருங்க. ரிசல்ட் நல்லா வந்துட்டா முழு டாக்டர். மோசமா வந்துட்டா ரத்தம் உறிஞ்சற பையன்."

மஞ்சள் மண்டிக்காரர் கேட்டது

நந்தினி முதலாண்டு தேறிவிட்டாள். ஆனாலும் அவள் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். ஒருநாள் ரயிலில் போத்தனூர் வந்து இறங்கி, மகளிடம் கேட்ட அடையாளத்தை வைத்து என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏனுங்க, அது ஆஸ்பத்திரி மிசினு ரிப்பேர் பண்ற படிப்புன்னு எங்கூர்ல சொல்றாங்க. படிச்சு முடிச்சா என்ற பொண்ணும் உங்களாட்டப் பையத் தூக்கிட்டு பஸ்ல அலையோணுங்களா?"

"அது வேற படிப்புங்க. இவங்க ரிப்பேர் பண்றதில்ல, அதுல பாக்கறவங்க."

"பாத்தா உள்ளார என்னங்க தெரியும்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் 'அ'வும் தூசியும்தான். அதையே சொன்னேன்.

"படிக்கறவளுக்கும் சொல்லத் தெரியல, தொடைக்கறவருக்கும் தெரியல. நல்ல வரன் வந்திருக்குதுங்க. படிப்ப நிறுத்திப்போட்டு ஆவணில முடிச்சுறலாம்னு இருக்கறேன்" என்று எழுந்தார்.

சரோஜா காப்பியோடு வந்தாள். அவளும் என்னிடம் காலமெல்லாம் இதையே கேட்டு, 'தூசி' என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்தவள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். அவர் திரும்ப உட்கார வேண்டியதாயிற்று.

"நானுங் கல்யாணமான நாள்லிருந்து இதையேதானுங்க இவரக் கேக்கறேன். உங்க பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அப்புறம் நாம ரெண்டு பேரும் அந்தப் புள்ளைகிட்டயே போய்க் கேட்டுக்கலாமுங்க."

கேட்கப் போனது

மண்டிக்காரர் சிரித்துவிட்டார். வந்த வரன் வேறு இடம் பார்த்துக்கொண்டது. நந்தினி படித்து முடித்து, மேலும் படித்து, கோவையில் புற்றுநோய்க்குச் செல் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் சேர்ந்தாள். அதற்குள் சரோஜா போய்விட்டாள். ஒரு மார்கழிக் காலையில் மாரடைப்பு. கேட்க அவள் இல்லை.

போன மாதம் அந்த லேபிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நந்தினிதான் அங்கே பொறுப்பு. நான் வேலையை முடித்து 'அ' தகட்டை எடுத்ததும் தடுத்தாள்.

"சரோஜா அக்கா வந்து கேப்பாங்கன்னு அப்பா சொல்லியிருந்தாருங்ண்ணா. நானும் பதிலெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்."

"நான் கேக்கறேன் அம்மணி. உள்ளார என்ன தெரியும்?" என்றேன்.

அவள் ஒரு குச்சியைக் கொடுத்து என் கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டச் சொன்னாள். அதைத் தகட்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, வைத்தாள். குனிந்தேன். பொரிக்காத அப்பளத்தை ஒடித்துப் போட்ட மாதிரி வெளிர் நீலத் துண்டுகள். ஒன்றின் நடுவில் கரும்புள்ளி. கை தானாகக் கண் வைக்கும் லென்ஸைத் திருகியது. தூசி அதில் இருந்தால் புள்ளி கூடவே சுற்றும். சுற்றவில்லை. அப்படியானால் கீழ் லென்ஸ். பையிலிருந்து சரோஜாவின் சேலைத் துண்டை எடுத்தேன். நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணா, அது தூசியில்லீங்க, உங்க செல்லோட உட்கரு. அதையுந் தொடச்சுப்போடாதீங்க."

இத்தனை வருடம் சரோஜாவிடம் நான் தூசி என்று சொன்னதில் எத்தனை உண்மையில் தூசி என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.